இருநூறு அட்டை, ஒரே வசனம்

2023 ஜனவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மார்கழிப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. உருக்காலைகளின் புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து சாலை மட்டத்திலேயே நின்றது. கிளம்பும்போது வீட்டுச் சுவரில் இருக்கும் வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. கம்பளித் தொப்பி, மப்ளர், உள்ளே ஒரு ஸ்வெட்டர் என்று மூன்றையும் மாட்டிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் தேவாலயத்தின் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் அடுப்பு கேஸை மூடினேனா என்ற சந்தேகம் வேறு. எழுபத்து மூன்று வயதுவரை எந்தக் கோயில் வாசலிலும் நான் எதையும் வேண்டி நின்றதில்லை. அன்று நின்றேன்.

புத்தாண்டன்று இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு பித்தளைத் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அட்டையில் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷத்துக்கு அவருக்கென்று ஆண்டவர் கொடுத்த வாக்கு அது. வாக்குத்தத்த அட்டை என்பார்கள். அதைக் கதவின் உட்புறம் ஒட்டுகிறவர்கள் உண்டு, ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்கிறவர்கள் உண்டு. மற்ற ஊர்களில் இதை நடுராத்திரி ஆராதனையில் செய்கிறார்கள். இங்கே பாதிப் பேர் ராத்திரி ஷிஃப்டில் இருப்பார்கள் என்பதால், ஷிஃப்ட் விட்டு வந்து குளிக்க நேரம் கொடுத்து, காலை ஏழு மணிக்கு வைத்திருக்கிறார்கள்.

அன்று தட்டில் இருந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுத்தவன் நான். ஒரே ஒரு ஆளுக்காக அச்சடித்தேன்.

அந்த ஆள் என் நண்பன். நான் பொதட்டூர்பேட்டையிலிருந்து பிழைக்க வந்து, இங்கே ஒரு இரும்பு ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். அவன் அதே ஆலையில் கிரேன் ஓட்டினான். இருபத்தாறு வருஷம், நாற்பதடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே உருகிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போனவன். ஒரு சொட்டு ஒருவன்மேல் விழுந்ததில்லை. வேலையில் இருந்தவரை என்னை ‘நீங்க’ என்பான். ஓய்வுக்குப் பிறகு ‘நீ’ ஆயிற்று. ‘சாரு’ என்று கூப்பிடுவது மட்டும் போகவில்லை.

அவன் குடும்பம் அவனுடைய தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம். கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். ஆலைகள் வந்த பிறகு ஆலைக்குள் போனவர்கள். எனக்குக் கடவுள் விஷயத்தில் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. எண்ணிப் பார்ப்பேன், கணக்கு இடித்தால் இடிக்கிறது என்று சொல்வேன், அவ்வளவுதான். ஆலை கேட்டுக்கு எதிரே பாய் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். வேலையில் இருந்தபோது ஷிஃப்டுக்கு முன்னாலும், ஓய்வுக்குப் பிறகு காலை ஆறு மணிக்கும் அங்கே எங்கள் சண்டை நடக்கும். இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. அவன் தன் வேதபுத்தகத்தைக் கறுப்பு ரெக்ஸின் பையில் போட்டு எடுத்துக்கொண்டே வருவான்.

“பாய், நீங்களே சொல்லுங்க. ஒரே புஸ்தகம். முன்னாடி ஒரு பக்கத்துல, அப்பன் பண்ண பாவத்துக்கு மூணாவது நாலாவது தலைமுற வரைக்கும் தண்டனைன்னு போட்டுக்கீது. அறுநூறு பக்கம் தள்ளிப் போனா, அவனவன் பாவம் அவனவனுக்குத்தான், அப்பனுது புள்ளைக்கு வராதுன்னு போட்டுக்கீது. எது சரி?” என்று நான் ஆரம்பிப்பேன்.

“ரெண்டும் சரி” என்பான் அவன், கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எப்டிப்பா ரெண்டும் சரியாவும்? பின்னாடி வந்தது திருத்தம்னா, முன்னாடி சொன்னது தப்புன்னு ஆவுது. திருத்தம் இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு இடிக்குது.”

“வேதத்துல திருத்தம் கெடையாது சாரு. அது இன்னா உன் ட்ராயிங்கா, மாசத்துக்கு ஒண்ணு மாத்தறதுக்கு?”

பாய் பாலை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “காலங்காத்தால கடைக்கு நாலு தலைமுறைய இட்டாந்துடறீங்க. டீ குடிக்கறது மட்டும் ரெண்டு பேரு.”

“உங்க பக்கம் இன்னா சொல்றாங்க பாய்?”

“எங்க வேதம் கடைசியா வந்தது சார். முன்னாடி எறங்குனதெல்லாம் உண்மன்னு சொல்லிக்கினேதான் வந்துது. நடுவுல மனுசங்க கைபட்டுப் பெசகுனத நேராக்குதுன்னு எங்க பள்ளிவாச ஹஜ்ரத்து சொல்வாரு. நான் டீ ஆத்தறவன். அதுக்கு மேல என்னக் கேட்டு பேஜாரு பண்ணாதீங்க.”

ட்ராயிங் என்று அவன் சொன்னது என் வேலையைத்தான். ஆலையில் ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. அளவில் ஏதாவது மாறினால் புது வரைபடம் வரும், மூலையில் திருத்த எண் போட்டு. புதியது வந்த அன்றே பழைய நகல்களையெல்லாம் ஷெட்டு ஷெட்டாகப் போய்ப் பிடுங்கி வந்து, எண்ணிப் பார்த்து, சிவப்பு மையில் ‘ரத்து’ என்று முத்திரை குத்திக் கிழித்துப் போட வேண்டும். அதுதான் என் வேலை. பழையதும் புதியதும் ஒரே இடத்தில் இருந்தால் எவனாவது பழையதைப் பார்த்து வேலை செய்துவிடுவான். ஒரு தாள் விட்டுப்போனால் அன்று எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. இரண்டும் ஒரே பைண்டிங்கில்! என் மேஜையில் இப்படி ஒரு ஃபைல் இருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவன் சிரிப்பான். “அதான் சாரு, உன்ன அங்க வேலைக்கு வெச்சுக்கல” என்பான்.

2022 ஆகஸ்டில் அவன் மகன் செத்துப்போனான். முப்பது வயது. ஒரே பிள்ளை. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு டிரெய்லர் லாரி. கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம். மருமகள் ஆரணிப் பெண், அப்போது மூன்று மாதம். என் நண்பனுக்கு மனைவி ஏற்கெனவே இல்லை. அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

அடக்கம் முடிந்து எட்டாவது நாள் போனேன். அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தக் கறுப்புப் பை. எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னான். மருமகள் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

“சாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஊர்ல யாருக்கும் தெரியாது” என்று ஆரம்பித்தான்.

அவனுடைய அப்பா ஆற்றோரத்தில் ஒரு பெரிய பண்ணையில் கூலிக்கு இருந்தவர். பண்ணைக்காரரின் பம்புசெட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். பண்ணைக்காரருக்குப் பிடிக்காத இன்னொரு கூலிக்காரன்மேல் வழக்கு. இவன் அப்பா கோர்ட்டில் ஏறி, வேதபுத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்து, அந்த ஆள் உடைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார். பார்க்கவில்லை. பண்ணைக்காரர் சொல்லச் சொன்னார், இவர் சொன்னார். அந்த ஆளுக்கு ஜெயில். திரும்பி வந்தபோது அவனுக்குக் குடும்பம் இல்லை. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சாகும்போது இவன் அப்பா இதை இவனிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செத்தார்.

“அடக்கம் பண்ண அன்னிக்கி, இன்னாத்துக்கு எம்புள்ளய எடுத்தன்னு கேட்டுக்கினே கண்ண மூடிக்கினு வேதத்தத் தொறந்து வெரல வெச்சேன் சாரு. எங்க போய் வுழுந்துது தெரியுமா?”

எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் படுகிற வசனத்தை ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்வது அவர்களில் பலருக்கு உள்ள பழக்கம்.

“மூணாவது நாலாவது தலைமுற” என்றான். விரலை மடக்கிக் காட்டினான். “எங்கப்பன் ஒண்ணு. நான் ரெண்டு. எம்புள்ள மூணு.” நான்காவது விரலை மடக்காமல் உள்ளே, மருமகள் போன பக்கம் பார்த்தான்.

எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. “அப்பனையே ஒண்ணுன்னு ஏன் எண்ற? புள்ளைங்க கிட்டயிருந்துதான் எண்ணணும். நீ ஒண்ணு, அவன் ரெண்டு, அப்போ கணக்கு...” என்று சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினேன்.

“எப்டி எண்ணுனாலும் அந்தக் கொழந்த உள்ளதான் வருது சாரு. நானும் எண்ணிப் பாத்துட்டேன்.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். முதுகைக் கீழே வைத்து இரண்டு பக்கமும் விட்டேன். தானாக அதே பக்கத்தில் திறந்துகொண்டது. மூடி, மறுபடி விட்டேன். அதே பக்கம். டீக்கடையில் இருபது வருஷம் பிரித்துப் பிரித்துக் காட்டியதில் தையல் அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஓரத்தில் டீக் கறை.

“இங்க பாரு. பைண்டிங் இங்க ஒடைஞ்சுக்கீது. கண்ண மூடிக்கினு யாரு தொறந்தாலும் இங்கதான் வரும். ஒடைச்சது நாமதான்யா. நீயும் நானும்.”

அவன் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தான். “இருவது வருசமா ஆண்டவரு அந்தப் பக்கத்தையே எனக்குக் காட்டிக்கினு இருந்துக்கிறாரு. நான்தான் வெளையாட்டுன்னு நெனச்சுக்கினு டீ குடிச்சேன்.”

புத்தகத்தை மூடி அவன் மடியில் வைத்தேன்.

அன்றே அவன் தன் முடிவையும் சொன்னான். பிரசவத்துக்கு மருமகள் தாய்வீட்டுக்குப் போகும்போது, திரும்பி வரவேண்டாம். குழந்தை அவன் வீட்டில் வளர வேண்டாம், அவன் பெயரைச் சொல்ல வேண்டாம், அவன் அதைத் தொடவும் மாட்டான். ஞானஸ்நானத்தின்போது அப்பா இல்லாத குழந்தையைத் தாத்தாதான் போதகரிடம் தூக்கிக்கொண்டு போவார், அதுவும் இல்லை. தன் கணக்கிலிருந்து அதை வெளியே எடுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளும் என்பது அவன் யோசனை. மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போகும்போது தெருமுனை வரை வந்தாள்.

“பெரிப்பா, நான் வேலைக்குப் போயிக்கினு இந்த ஊட்டுலயே இருந்துக்குவேன். மாமாவ யாரு பாத்துப்பாங்க? நீங்க இவ்ளோ பேசுவீங்களே, பேசி மாத்துங்க.”

பேசினேன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வாரத்துக்கு நான்கு நாள் போய்ப் பேசினேன். எங்கள் இருவருக்கும் கட்சி மாறிப்போயிருந்தது. அப்பனுடையது பிள்ளைக்கு வராது என்று சொன்ன, பின்னால் வந்த அந்தத் தீர்க்கதரிசியின் அதிகாரத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போய், இது திருத்தம், பழையது செல்லாது, ஆண்டவரே தன் வாக்கை மாற்றிவிட்டார் என்று நான் வாதாடினேன். வேதத்தில் திருத்தம் கிடையாது என்ற தன் பழைய பேச்சிலேயே அவன் நின்றான். அன்று அது அவனுக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதற்குள்ளேயே அவன் அடைபட்டுக் கிடந்தான்.

“புது ட்ராயிங் வந்தா பழச இன்னா பண்ணுவ சாரு?” என்று ஒருநாள் கேட்டான்.

“ரத்துன்னு முத்திர குத்திக் கிழிச்சிடுவேன்.”

“இவரு கிழிக்கலியே. அதே புஸ்தகத்துல வெச்சுக்கீறாரே. மறந்துட்டாரா?”

“நடந்தது தெரியணும்னு வெச்சிருப்பாரு.”

“செரி, வுடு. அந்தப் பழைய ட்ராயிங்கப் பாத்து ஏற்கெனவே செஞ்சு அனுப்சிட்ட பீஸ இன்னா பண்ணுவீங்க? திருப்பி வாங்குவீங்களா?”

யோசிக்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். “வாங்க மாட்டோம். அது ஓடுற வரைக்கும் ஓடும்.”

அவன் தலையை ஆட்டினான். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, முப்பத்தொரு வருஷம் சரியாகச் செய்த வேலையை முதன்முறையாக வெறுத்தேன்.

போதகரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். அவரும் மூன்று முறை போய்ப் பேசியிருந்தார். முந்தினது எச்சரிக்கை, பிந்தினது ஆறுதல், இரண்டும் ஒரே தகப்பனின் குரல் என்று விளக்கியிருந்தார். “ஐயா சின்னவரு, அப்டித்தான் சொல்லியாவணும்” என்று இவன் முடித்துவிட்டானாம். நான்கு மாதமாகக் கோயிலுக்குள்ளும் வருவதில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்றார். “புத்தாண்டுக்கு மட்டும் உள்ள வரேன்னு மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கார். வாக்குத்தத்தம் எடுக்கணும்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு” என்றார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான். தட்டிலிருந்து தன் கையால் எடுத்ததைக் கேட்பான். இந்த வருஷ அட்டைச் செலவு என்னுடையது, வசனங்களும் நானே பொறுக்கித் தருகிறேன் என்று சொன்னேன். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மனம் திரும்பிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ. நான் திருத்தவில்லை.

அச்சகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விதவிதமான வசனங்களுக்கு நடுவே எனக்கு வேண்டிய அட்டை ஒன்று இருந்தால், அது அவன் கைக்குப் போவதற்கு இருநூற்றில் ஒரு வாய்ப்பு. பத்து அட்டை போட்டாலும் இருபதில் ஒன்று. வாய்ப்பை நம்பி நான் எந்த வேலையையும் செய்ததில்லை. அப்பனின் பாவம் பிள்ளையைச் சேராது என்ற அந்த ஒரே வசனத்தை இருநூறு அட்டையிலும் அச்சடித்தேன். கட்டைப் பிரிக்காமல் போதகரிடம் கொடுத்தேன்.

ஏழு ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவர்கள் சும்மா வந்தார்கள். படியில் நின்று ஒருவர் அட்டையை இன்னொருவர் எட்டிப் பார்த்த பிறகுதான் சத்தம் எழும்பியது.

“இன்னாடி, உனக்கும் இதேதானா?”

“எங்க வீட்ல நாலு பேருக்கும் இதே!”

ஒரு அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சபை முழுவதுக்கும் ஒரே வார்த்தை, இதுவரைக்கும் நடந்ததே இல்லை, ஊரே ஆண்டவர் பக்கம் திரும்பும் எழுப்புதல் வரப்போகிறது என்றார் ஒருவர். “எழுப்புதலும் இல்ல ஒண்ணும் இல்ல, பிரெஸ்காரன் தூங்கிட்டான்” என்றான் ராத்திரி ஷிஃப்டிலிருந்து நேராக வந்த ஒருவன். போதகர் வாசலில் நின்று என்னையே பார்த்தார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை.

என் நண்பன் கடைசியாக வந்தான். மருமகள் அவனுக்குப் பின்னால், வயிற்றில் கை வைத்தபடி. அவன் நேராகக் கேட்டுக்கு வெளியே, என்னிடம் வந்தான்.

“இன்னா சாரு, வேதத்துக்கு நீயே ரெவிஷன் போட்டுட்டியா?”

நான் மப்ளரைச் சரிசெய்தேன்.

“ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தா, அது என் கையில வந்திருந்தா, நான் வுழுந்து அழுதிருப்பேன். ஒரு பீஸ் கூட தவறக்கூடாதுன்னு தட்டு பூராப் போட்டுட்ட. உன் புத்தி எங்க போவும்?” அவன் சிரித்தான். ஐந்து மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. உடனே போய்விட்டது. “செரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல போட்டுக்கீதே, இத நீ நம்பறியா? நம்பறேன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ பொய் பேசாத ஆளு. நீ சொன்னா நான் அந்தக் கொழந்தயத் தூக்கறேன்.”

மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை நான் இங்கே எழுதவில்லை.

அந்த வசனம் நியாயம் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் தெரியும். அதை ஒருவர் மேலிருந்து சொன்னார் என்று நான் நம்பவில்லை. அவன் கேட்டது அதைத்தான். பரவாயில்லை, ஒரு வார்த்தைதானே என்று வாயைத் திறந்தேன். “நம்...” என்பது வரை வந்தது. அவன் கையை நீட்டி என் வாயைப் பொத்திவிட்டான். கிரேன் நெம்புகோலைப் பிடித்துக் காய்த்த கை.

“வேணாம் சாரு. உன் மூஞ்சில தெரியுது. இந்தப் புஸ்தகத்து மேல ஒரு பொய் சொன்னதுக்கே இவ்ளோ கட்டிக்கினு இருக்கோம். நீயும் ஒண்ணு சொல்லாத. உனக்குப் புள்ளகுட்டி இல்லாட்டியும் சொல்லாத.”

அட்டையை என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனான்.

பொங்கல் முடிந்த வாரம் மருமகளை அவள் அம்மா வந்து ஆரணிக்கு அழைத்துக்கொண்டு போனாள். பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இவன் போகவில்லை. நான் பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எதையாவது வாங்கிக்கொண்டு போகச் சொல்வான். காசு மட்டும் தரமாட்டான். “என் டப்பு அந்தக் கொழந்த மேல படக்கூடாது. உன்னுதுல வாங்கு” என்பான். திரும்பி வந்ததும் டீக்கடையில் காத்திருப்பான்.

“எவ்ளோ வெயிட்டு?”

“ஆறு எரநூறு.”

“தல நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு. என் கண்ணாடியப் புடுங்குது.”

“பல்லு?”

“கீழ ரெண்டு.”

இப்படி என் எண்ணிக்கையில் அவன் தன் பேத்தியை வளர்த்தான். வாதம் செய்வதை நாங்கள் விட்டுவிட்டோம். பாய் ஒருநாள், “கட வெறிச்சுனு கீது, ஏதாவது ஒண்ணு இடிக்குதுன்னு சொல்லுங்க சார்” என்று கேட்டே பார்த்தார். எங்களுக்கு வரவில்லை. நாற்பதடி உயரத்தில் இருபத்தாறு வருஷம் பயமில்லாமல் இருந்தவன், ஒரு பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில் இருந்த குழந்தைக்கு அருகில் போகப் பயந்தான். ஒரு வயது முடிந்தபோது புகைப்படம் எடுத்து வந்து காட்டினேன். போனைக் கையில் வாங்காமல், என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குனிந்து பார்த்தான். “அவங்கப்பன் நெத்தி” என்றான். அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் ஒரு விடியற்காலையில் அவன் நெஞ்சு வலியில் போய்விட்டான். நான்தான் ஆரணிக்குத் தகவல் சொன்னேன். மருமகள் குழந்தையோடு வந்தாள். இருபது மாதம், நன்றாக நடந்தது. ஒரு காய்ச்சல்கூடப் பெரிதாக வந்ததில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டபோது மருமகள் குழந்தையை இறக்கிவிட்டாள். அது இரண்டு கையிலும் மண்ணை அள்ளி, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டது. அதற்கும் அவனுக்கும் இடையில் நடந்த ஒரே தொடுதல் அந்த மண்தான்.

நாற்பது நாள் கழித்துக் கல் வைக்கும் பேச்சு வந்தது. பொன்னேரி போகும் வழியில் ஒரு கல்தச்சர். கல்லுக்கு மருமகள் பணம் கட்டிவிட்டாள். எழுத்துக்குத் தனியாக, எண்ணிக் கூலி. எந்த வசனம் வெட்டுவது என்று கேட்டார். மருமகள் போனின் பின்னுறையைக் கழற்றி, அந்த அட்டையை எடுத்தாள். அவள் அன்று எடுத்தது. மூலைகள் நைந்திருந்தன.

“வேணாம்மா. அவன் இத ஒத்துக்கல. ஒத்துக்காதத அவன் தலமாட்டுல வெட்டக்கூடாது” என்றேன்.

“இது மாமாவுக்கு இல்ல பெரிப்பா. இவ பெரியவளாயி, எழுத்துக்கூட்டிப் படிக்கறப்போ படிக்கட்டும்.”

நான் அட்டையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணினேன். புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே கூலிதானா என்று கேட்டேன். அதே கூலிதான் என்றார் கல்தச்சர். அதற்குள் குழந்தை கல்தூளில் இறங்கிக் கை இரண்டையும் வெள்ளையாக்கிக்கொண்டு வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. கூலியை நான் கொடுத்தேன். எழுத்து இருபத்தேழு, எழுத்துக்கு நாற்பது வீதம் ஆயிரத்து எண்பது. அட்டை இருநூறுக்கு அச்சகத்தில் கொடுத்தது அறுநூற்று நாற்பது. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.